14 மாதங்களாக வலது கையில் பலமில்லை. ஸ்கேன் சரியாக இருக்கிறது என்கிறார்கள்

சென்னிமலைத் தறி | ஜனவரி 6, இரவு 9.15

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 21. சென்னிமலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் 6 விசைத்தறிகள் ஓடுகின்றன. பாலிடெக்னிக் முடித்துவிட்டு, அப்பாவுக்கு உதவியாகத் தறியில்தான் நிற்கிறேன். போன கார்த்திகைக்கு முந்தைய கார்த்திகையில் தொடங்கிய ஒரு குறை இன்றுவரை பெயர் தெரியாமலே நீடிப்பதால், விவரமறிந்தவர்கள் வழி சொல்வார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதலில் தெரிந்தது பாவு பிணைக்கும்போதுதான். நெசவு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தறியில் பழைய பாவு (நீளவாட்டில் ஓடும் நூல்) தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது, பழைய இழையின் நுனியையும் புது இழையின் நுனியையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு திருகு திருகிவிட வேண்டும். ஒரு பாவுக்கு ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கும். பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்தே விடுமுறை நாட்களில் நான் செய்துவந்த வேலை அது. அன்று விடியற்காலையில் என் விரல்கள் இழையைப் பிடித்தன. ஆனால் திருக வரவில்லை. குளிர் என்று நினைத்து, தேநீர் டம்ளரைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். கை சூடேறியதும் விரல்கள் வேலை செய்தன. அதனால் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

தை மாதத்துக்குள் சட்டைப் பொத்தான் போட நேரமாயிற்று. பூட்டில் சாவியை வலது கையால் செருக முடிகிறது, திருகுவதற்கு இடது கை வேண்டியிருக்கிறது. ஐந்து விரல்களையும் விரித்து நீட்டினால் அவை சிறிதாகத் துள்ளி நடுங்குகின்றன. புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இப்போது ஒரு குழி விழுந்திருக்கிறது. முன்கையில் சுண்டுவிரல் பக்கத்துச் சதை மெலிந்துவிட்டது. வலி துளியும் இல்லை. மரத்துப்போகவும் இல்லை, சூடு, குளிர், ஊசிமுனை எல்லாம் தெரிகின்றன. இடது கை நன்றாக இருக்கிறது. கால்களிலும் குறையில்லை, போன கிருத்திகைக்கு மலைக்கோயிலின் 1,320 படிகளையும் எங்கும் உட்காராமல் ஏறினேன்.

இதுவரை மூன்று மருத்துவர்களைப் பார்த்துவிட்டேன். முதலாமவர் சத்துக்குறைவு என்று சொல்லி வைட்டமின் ஊசி 10 போட்டார். இரண்டாமவர் எலும்பு மருத்துவர், கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். கழுத்தின் இயல்பான வளைவு சற்று நேராகியிருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அறிக்கை வந்தது. மூன்றாமவர், நரம்பில் மின்னோட்டம் எப்படிப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை செய்தார். உணர்வு நரம்புகள் சரியாக உள்ளன, தசையை இயக்கும் நரம்புகளின் மின்னலை அளவு மட்டும் குறைந்திருக்கிறது என்று தாளில் இருக்கிறது. அதைப் படித்துப் பார்த்துவிட்டு அவர், "ஸ்கேன்தான் நன்றாக இருக்கிறதே, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே" என்று அனுப்பிவிட்டார்.

உறவினர் ஒருவர், வேலைக்குச் சுணங்குகிறவன் கையைக் காரணம் காட்டுகிறான் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா அதை நம்பவில்லை. ஆனாலும் அன்று முதல் நான் செய்யும் பிணைப்பு வேலையை அவர் இரவில் தனியாக உட்கார்ந்து செய்வதைப் பார்க்க முடியவில்லை. அடுத்து யாரைப் பார்க்க வேண்டும், அவரிடம் என்ன கேட்க வேண்டும்?

உடுமலைக்காரன் | ஜனவரி 6, இரவு 10.40

தம்பி, இது கழுத்தில் பிடித்துக்கொண்ட நரம்பாக இருக்கலாம். எங்கள் ஊர்ப் பக்கம் சுளுக்கு எடுக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். எண்ணெய் தேய்த்துக் கழுத்தை ஒரு திருப்புத் திருப்பினால் பிடிப்பு விட்டுவிடும். என் தகப்பனாரின் தோள்வலி அவர் கையில்தான் தீர்ந்தது. ஒருமுறை வந்து பாருங்கள்.

இயன்முறை, பல்லடம் | ஜனவரி 7, காலை 7.05

உடுமலை நண்பரின் நல்லெண்ணத்தை மதிக்கிறேன், ஆனால் இந்த இடத்தில் நான் கண்டிப்பாக மறுத்தாக வேண்டும். நான் 17 ஆண்டுகளாக இயன்முறைச் சிகிச்சையாளராகப் பணியாற்றுகிறேன். சதை வற்றிக்கொண்டிருக்கும் ஒரு கைக்குக் காரணம் தெரியாத நிலையில், கழுத்தைத் திருப்புவது, இழுப்பது, சொடுக்குவது எதையும் யாரும் செய்யக் கூடாது. நானும் செய்ய மாட்டேன். தங்கள் தகப்பனாருக்கு இருந்தது வலி. இந்தத் தம்பிக்கு வலியே இல்லை, பலம்தான் குறைந்திருக்கிறது. இரண்டும் வெவ்வேறு வாசல்கள்.

தம்பிக்கு ஒரு செய்தி. சதை வற்றுவதை மனக்குழப்பத்தின் கணக்கில் எழுத முடியாது. மூளையும் உடலும் பேசிக்கொள்வதில் ஏற்படும் கோளாறால் கை செயலிழப்பது உண்மையாகவே உண்டு. அது நடிப்பும் அல்ல. ஆனால் அதைக் கண்டறிய அதற்கே உரிய அடையாளங்களைப் பரிசோதனையில் காட்ட வேண்டுமே தவிர, ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்பதால் மட்டும் அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. குழி விழுந்த புறங்கையும் இயக்க நரம்பில் குறைந்த அளவும் உங்களிடம் இருக்கும்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியவர் நரம்பியல் மருத்துவர். பட்டியலில் இதுவரை அவர் வந்ததாகத் தெரியவில்லை. மூன்றாமவர் நரம்பியல் நிபுணரா, பொது மருத்துவரா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் துறை இருக்கிறது. போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். முழங்கை மடிப்பிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே ஒரு புள்ளி வைத்து, அந்த இடத்தில் இரண்டு முன்கைகளின் சுற்றளவையும் தையல் டேப்பால் அளந்து தேதியோடு எழுதுங்கள். இரண்டு உள்ளங்கைகளையும், பிறகு இரண்டு புறங்கைகளையும் பக்கம் பக்கமாக வைத்து, மாதத்துக்கு ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் படம் எடுங்கள். "பலமில்லை" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "கார்த்திகையில் இழை திருக வரவில்லை, தையில் பொத்தான் போட வரவில்லை, ஆடியில் சாவி திருக வரவில்லை" என்பதுபோல மாத வரிசையாகச் சொல்லுங்கள். மருத்துவர் தன் நேரம் முழுவதையும் அந்த வரிசையை வைத்துத்தான் பயன்படுத்துவார்.

இன்னும் மூன்று கேள்விகள். குளிரில் கூடுவது இப்போதும் உண்டா? கழுத்தைக் குனிந்தே செய்யும் வேலை நாளில் எவ்வளவு நேரம்? சதைக்குள் தானாகப் புழு நெளிவது போன்ற துடிப்பு உடலின் வேறெந்த இடத்திலாவது இருக்கிறதா?

ஓய்வுபெற்ற செவிலி, கோபி | ஜனவரி 7, பிற்பகல் 2.30

நான் எழுதுவது சென்னிமலைத் தம்பிக்காக அன்று, இந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு வேறு யாராவது உள்ளே வருவார்கள் என்பதற்காக. மாதக்கணக்கில் மெல்ல வந்த பலவீனத்துக்குத்தான் இங்கே பேசுவதெல்லாம் பொருந்தும். ஒரு கை திடீரென்று விழுந்துவிட்டால், அதனோடு வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ, உட்கார்ந்து யோசிக்காமல் உடனே 108க்கு அழையுங்கள். பக்கவாதமாக இருந்தால், மூளையின் இரத்தக் குழாயை அடைத்திருக்கும் உறைகட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று படுக்கவைத்து அந்த நேரத்தைத் தொலைத்த குடும்பங்களை நான் பணியில் இருந்த காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். அதேபோல், மெல்ல வந்த பலவீனமாக இருந்தாலும் நடை தடுமாறுவது, கால் விறைப்பது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, விழுங்கும்போது புரையேறுவது, படுத்தால் மூச்சு வாங்குவது இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் முன்பதிவுத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது.

கரூர் பட்டறை | ஜனவரி 7, இரவு 8.50

தம்பி, நான் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவன். 41 வயதில் இடது கையின் நடுவிரலும் மோதிர விரலும் நிமிர மறுத்தன. இரண்டு ஆண்டுகளில் மணிக்கட்டே தொங்கிவிட்டது. எனக்கும் வலியில்லை, மரத்துப்போகவில்லை. ஓரிடத்தில் எனக்கு இயக்க நரம்பணு நோய் (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்துகொண்டே போகும், தீர்வில்லாத நோய்) என்று சொல்லி, "குடும்பத்தாரை அழைத்து வாருங்கள்" என்றார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டவருக்குத்தான் அதன் எடை தெரியும். வீட்டுப் பத்திரத்தை மனைவி பெயருக்கு மாற்றி எழுதக்கூட ஆள் பார்த்துவிட்டேன்.

பிறகு இன்னொரு நரம்பியல் மருத்துவர் நரம்புக் கடத்தல் சோதனையை முதலிலிருந்து திரும்பச் செய்தார். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே மட்டுமன்றி, அக்குள் வரை அங்குலம் அங்குலமாகச் செய்தார். இரண்டு இடங்களில் மின்னோட்டம் அடைபட்டு நிற்பது தெரிந்தது. வாய்க்காலில் மதகு பாதி மூடியது போல என்று அவரே சொன்னார். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் இயக்க நரம்புகளையே பல இடங்களில் தாக்கும் நோய் அது. இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைச் சிரை வழியாக ஏற்றினால் பலருக்குக் கை திரும்ப வருகிறது. எனக்கு மூன்றாம் வாரமே மணிக்கட்டு எழுந்தது. மருந்து விலை மிகுதி, சில வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் ஏற்ற வேண்டியிருக்கிறது என்பது உண்மை. முதலில் ஓர் ஊரில் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார்கள். இந்த நோய்க்கு அது உதவாது, எனக்கு இன்னும் தளர்ந்தது.

உங்களுக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை, வயது பொருந்தவில்லை. கடத்தல் சோதனையை எவ்வளவு தூரம் செய்தார்கள் என்று அந்தத் தாளைக் காட்டிக் கேளுங்கள். ஊசிச் சோதனையும் செய்தார்களா என்று கேளுங்கள். தசைக்குள் ஊசியைச் செருகிப் பார்க்கும் சோதனை வேறு, மேலே பட்டை ஒட்டிப் பார்க்கும் சோதனை வேறு.

சென்னிமலைத் தறி | ஜனவரி 8, இரவு 9.30

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. மூன்றாவதாகப் பார்த்தவர் நரம்பியல் மருத்துவர் அல்லர் என்பதை இன்று அவருடைய சீட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். ஊசிச் சோதனை செய்யப்படவில்லை.

பல்லடம் ஐயா கேட்டவை. குளிரில் நிச்சயமாகக் கூடுகிறது. விடியற்காலையில் தண்ணீர்த் தொட்டியில் கை வைத்தால் விரல்கள் அரைவளைவாக நின்றுவிடுகின்றன. வெயிலில் 10 நிமிடம் நின்றால் திரும்புகின்றன. குனிந்த வேலை என்றால் பிணைப்பு, அறுந்த இழை பார்ப்பது, இரவில் கைப்பேசி என நாளில் ஏழெட்டு மணி நேரம் வரும். துடிப்பு வேறெங்கும் இல்லை, விரல்களை நீட்டும்போது மட்டும்தான். வலது முன்கை 22.4 சென்டிமீட்டர், இடது 25. நான் வலது கைக்காரன் என்பதால் வலதுதான் பருத்திருக்க வேண்டும் என்று அம்மா சொன்ன பிறகே அந்த வேறுபாடு எனக்கு உறைத்தது.

பொள்ளாச்சி 34 | ஜனவரி 9, காலை 6.20

தம்பியின் பதிவை இரண்டு முறை படித்தேன். விரல் துள்ளல், குளிரில் மடங்கி நிற்பது, சுண்டுவிரல் பக்கச் சதை மட்டும் வற்றுவது, வலியின்மை, 20 வயதை ஒட்டிய ஆண் என்று நீங்கள் எழுதிய ஒவ்வொன்றும் 15 ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த நிலை. உங்களைச் சோதிக்காமல் நோயின் பெயரைச் சொல்வது சரியன்று என்று தெரிந்தும், மருத்துவரிடம் கேட்பதற்கு ஒரு கேள்வியாவது உங்கள் கையில் இருக்கட்டும் என்று சொல்கிறேன். எனக்கு வந்ததன் பெயர் ஹிராயாமா நோய். ஜப்பானிய நரம்பியலாளர் கெய்சோ ஹிராயாமாவும் உடன் பணியாற்றியவர்களும் 1959இல் முதலில் விவரித்தார்கள். நம் நாட்டில் பெங்களூருவின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிமான்ஸில் நரம்பியல் மருத்துவர் கௌரி தேவியும் அவருடைய குழுவினரும் 1984இல் ஒரே கை அல்லது ஒரே கால் மட்டும் இப்படி வற்றும் நோயாளிகளைத் தொகுத்து எழுதினார்கள். ஜப்பானிலும் இந்தியாவிலும் ஆசியாவின் வேறு நாடுகளிலும்தான் இது அதிகம் பதிவாகியிருக்கிறது. 15 முதல் 25 வயதுக்குள் உள்ள ஆண்களுக்குத்தான் பெரும்பாலும் வருகிறது.

எனக்கு விளக்கிய மருத்துவர் தன் மேசையிலிருந்த பேனா மூடியையும் ரப்பர் குழாயையும் வைத்துக் காட்டினார். முதுகெலும்புக்குள் தண்டுவடம் ஓடுகிறது. அதைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. வளரும் வயதில் எலும்பு நீளும் வேகத்துக்கு அந்த உறை நீளாமல் போனால், தலையைக் குனியும்போது உறை இழுபட்டு, அதன் பின்சுவர் முன்னே வந்து, தண்டுவடத்தை எலும்பின் மேல் அழுத்துகிறது என்று கருதுகிறார்கள். நிமிர்ந்தால் அழுத்தம் விலகிவிடுகிறது. ஒரு நாளில் எத்தனை முறை குனிகிறோம்! கையின் சிறிய தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் தண்டுவடத்தின் முன்பக்கத்தில் இருக்கின்றன, நசுங்குவது அவைதான். உணர்வைக் கொண்டுசெல்லும் பாதை வேறு என்பதால் மரத்துப்போவதில்லை.

இப்போது முக்கியமான செய்தி. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது நம்மை நேராகப் படுக்கவைப்பார்கள். நேராகப் படுத்தால் அழுத்தமே இருக்காது, படம் நன்றாகத்தான் வரும். கூர்ந்து பார்ப்பவருக்குக் கீழ்க்கழுத்தில் தண்டுவடம் சற்று மெலிந்திருப்பதும் உறை எலும்பிலிருந்து விலகியிருப்பதும் தெரியலாம். தேடாதவர் கண்ணில் அது படாது. கழுத்தைக் குனியவைத்து இன்னொரு படம் எடுத்தால்தான் உறை முன்னே நகர்வது தெரியும். எனக்கு முதல் படத்துக்கும் இரண்டாம் படத்துக்கும் நடுவே 19 மாதங்கள் போயின. அந்த 19 மாதங்களில் இழந்த சதை எனக்குத் திரும்பவில்லை. அதனால்தான் உங்கள் கார்த்திகையையும் தையையும் படிக்கும்போது எனக்குப் பதறுகிறது.

ஒன்று கேட்கிறேன்: 15, 16 வயதில் திடீரென்று உயரமாக வளர்ந்தீர்களா?

சென்னிமலைத் தறி | ஜனவரி 9, காலை 11.10

அண்ணா, பத்தாம் வகுப்புத் தொடக்கத்தில் தைத்த கால்சட்டை அந்த ஆண்டு முடிவதற்குள் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. அப்பாவைவிட இப்போது ஒரு சாண் உயரம். கோவையில் நரம்பியல் மருத்துவரிடம் 23ஆம் தேதிக்கு நேரம் வாங்கிவிட்டேன். குனிந்த நிலைப் படத்தைப் பற்றிக் கேட்பேன்.

கொடுமுடி மஞ்சள் | ஜனவரி 11, இரவு 10.05

இங்கே எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தம்பி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது என் அப்பாவின் கதை, உங்கள் கதை அன்று. அவருக்கு 61 வயது, உங்களுக்கு இருக்கும் அடையாளங்கள் வேறு, அவருக்கு இருந்தவை வேறு. பயந்துகொண்டு படிக்காதீர்கள்.

மஞ்சள் வயலில் மடை மாற்றும்போது மண்வெட்டி கைநழுவுகிறது என்று அப்பா சொன்னார். கழுத்து ஸ்கேனில் இரண்டு இடங்களில் தட்டு பிதுங்கியிருந்தது. அந்த வயதில் கழுத்தை ஸ்கேன் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு ஏதாவது ஒரு தேய்மானம் தெரியத்தான் செய்யும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. படத்தில் ஒரு கோளாறு தெரிந்ததும் அதுவே காரணம் என்று எல்லோரும் நம்பினோம். அறுவைச் சிகிச்சையும் நடந்தது. கை தேறவில்லை. மூன்று மாதத்தில் மற்றக் கையும் தளர்ந்தது, தோளிலும் தொடையிலும் சதை துடித்தது, நாக்கில் நெளிவு தெரிந்தது, பேச்சு மூக்கால் வந்தது. பிறகுதான் நரம்பியல் மருத்துவர் இயக்க நரம்பணு நோய் என்று சொன்னார். ரிலூசோல் மாத்திரை கொடுத்தார். அது நோயின் வேகத்தைச் சிறிது குறைக்குமே தவிரத் தீர்க்காது என்பதையும் மறைக்காமல் சொன்னார். மறைக்காமல் சொன்னதற்காக அவருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். அந்தப் பெயர் முன்பே தெரிந்திருந்தாலும் அப்பாவைக் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் படுக்கையில் கழிந்த அந்த இரண்டு மாதங்களை அவர் தம் வயலில் கழித்திருப்பார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஸ்கேனில் தெரிந்ததை நம்பி நாங்கள் தவறினோம். ஸ்கேனில் தெரியாததால் இந்தத் தம்பியைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் கையைத் தொட்டு, தசை தசையாகத் தள்ளிப் பார்த்து, படம் சொல்வதும் கை சொல்வதும் பொருந்துகிறதா என்று யாரும் கேட்கவில்லை.

திருப்பூர் ஓவர்லாக் | ஜனவரி 12, மாலை 6.45

நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறவள், வயது 38. புரட்டாசியில் ஒரு நாள் இரவு வலது தோளில் கத்தி செருகியது போல வலி வந்து எழுப்பியது. 10 நாள் படுக்க முடியவில்லை. வலி போன பிறகு கை மேலே எழவில்லை. தலைவாரக்கூட மகள்தான் உதவுகிறாள். தோள் இறுகிவிட்டது என்று சொல்லிப் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று மாதமாகச் செய்கிறேன். ஆனால் இன்னொருவர் தூக்கினால் கை முழுவதும் மேலே போகிறது. நானாகத் தூக்கினால்தான் போவதில்லை. சுவரைத் தள்ளினால் முதுகுப் பக்கம் தோள்பட்டை எலும்பு இறக்கை போலத் துருத்துகிறது என்று மகள் சொல்கிறாள். யாரும் இதற்குப் பெயர் சொல்லவில்லை. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியில்லை என்பதால் மறுபடி மறுபடி ஆஸ்பத்திரிக்கு அலையவும் முடியவில்லை.

இயன்முறை, பல்லடம் | ஜனவரி 12, இரவு 9.00

சகோதரி, நீங்கள் எழுதியதிலேயே ஒரு பெரிய தடயம் இருக்கிறது. தோள் இறுகியிருந்தால் பிறர் தூக்கினாலும் எழாது. பிறர் தூக்கி எழுகிறதென்றால் மூட்டு விட்டுக்கொடுக்கிறது, தசைதான் இழுக்கவில்லை. கடும் வலி முதலில், வலி தணிந்த பிறகு பலவீனம், துருத்தும் தோள்பட்டை என்ற வரிசை, கைக்கு வரும் நரம்புப் பின்னலில் ஏற்படும் அழற்சியை நினைவூட்டுகிறது. 1948இல் பார்சனேஜ், டர்னர் என்ற இரு மருத்துவர்கள் விரிவாக எழுதியதால் அவர்கள் பெயராலும் அழைக்கிறார்கள். அதுதான் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. நரம்பியல் மருத்துவர் ஊசிச் சோதனை செய்துதான் சொல்ல வேண்டும். அதுவாக இருந்தால் பலருக்கு மாதங்களிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் பெருமளவு தேறுகிறது என்பதால், இப்போதைக்குத் தோளை வலிந்து இழுக்கும் பயிற்சிகளை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். முழங்கைக்குப் பின்னால் நரம்பு கயிறு போலத் தடித்திருக்கிறதா, தோலில் உணர்வற்ற வெளிறிய தேமல் உண்டா என்பதையும் மருத்துவர் பார்க்கட்டும். தொழுநோயும் கை நரம்பைத் தாக்கும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அதற்கான கூட்டு மருந்தை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே விலையின்றிக் கொடுக்கிறார்கள்.

வீட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோய், எந்தச் சோதனைக்குப் பொருந்தும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலேயே கேளுங்கள்.

சென்னிமலைத் தறி | பிப்ரவரி 27, இரவு 8.20

தாமதத்துக்கு மன்னிக்கவும். சோதனைகள் முடிந்தபின் எழுதலாம் என்று இருந்தேன்.

23ஆம் தேதி பார்த்த மருத்துவர் முதல் 20 நிமிடம் எந்தத் தாளையும் வாங்கவில்லை. பல்லடம் ஐயா சொன்னபடி எழுதிவைத்திருந்த மாத வரிசையைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு ஒவ்வொரு விரலாகத் தள்ளிப் பார்த்தார். முழங்கையை மடக்கி அவர் கையை இழுக்கச் சொன்னார். கட்டைவிரல் பக்கத்து முன்கைத் தசை மட்டும் கயிறு போலப் புடைத்து நின்றது. அப்பாவை அருகில் அழைத்து, வற்றிய சதைக்கும் வற்றாத சதைக்கும் நடுவே சாய்வாக ஓடும் எல்லையைத் தன் விரலால் கோடு இழுத்துக் காட்டினார். 14 மாதமாக தினமும் பார்த்த என் கையில் அப்படி ஒரு கோடு இருப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். கால்களில் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், முழங்கை நரம்பைத் தடவினார். குனிந்த நிலைப் படத்தைப் பற்றி நான் கேட்பதற்கு முன்பே அவரே எழுதிக்கொடுத்துவிட்டார்.

படம் எடுக்கும்போது தலைக்குக் கீழே பஞ்சு மெத்தைகளை அடுக்கி, தாடை நெஞ்சைத் தொடும் அளவுக்குக் குனியவைத்து, படம் தெளிவாகத் தெரியக் கையில் மருந்தும் ஏற்றினார்கள். முடிந்ததும் மருத்துவர் இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நிமிர்ந்த படத்தில் தண்டுவடம் நடுவில் இருந்தது. குனிந்த படத்தில், பின்னால் பிறை வடிவில் வெள்ளையாக ஓரிடம் விரிந்து, தண்டுவடம் முன்னே ஒட்டித் தட்டையாகிக் கிடந்தது. ஊசிச் சோதனையும் கீழ்க்கழுத்து நரம்பணுக்கள்தான் என்று சொல்லிற்று. ஹிராயாமா நோய்தான். பொள்ளாச்சி அண்ணாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

போன சதை அநேகமாகத் திரும்பாது, மேலும் போகாமல் நிறுத்துவதே நோக்கம் என்று தெளிவாகச் சொன்னார். பலருக்குச் சில ஆண்டுகளில் தானாகவே நின்றுவிடுமாம். அது நிற்கும்வரை குனிவதைத் தடுக்கக் கழுத்துப் பட்டை போட்டிருக்க வேண்டும். பட்டை போட்டும் தொடர்ந்து மெலிந்தால் மட்டும் அறுவைச் சிகிச்சையை யோசிக்கலாம் என்றார். கைப்பேசியால் வந்ததா என்று அப்பா கேட்டார். குனிபவர்கள் எல்லோருக்கும் வருவதில்லை, இவனுடைய உறையின் அமைப்பு அப்படி, ஆனால் இனிக் குனிவது கேடு என்று பதில் சொன்னார். அப்பா வெளியே வந்து மர நிழலில் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு வேலைக்குச் சுணங்குகிறவன் என்று சொன்ன அந்த உறவினருக்கு அங்கிருந்தே போன் போட்டு, நோயின் பெயரை மூன்று முறை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

பொள்ளாச்சி 34 | பிப்ரவரி 28, காலை 6.00

கண் கலங்கிவிட்டது தம்பி. பட்டையைப் பற்றிச் சில நடைமுறைச் செய்திகள். சோற்றைக் குனிந்து சாப்பிட முடியாது, தட்டை உயர்த்திக்கொள்ளுங்கள். நமது கோடையில் பட்டைக்குக் கீழே வியர்க்குரு வரும். உள்ளே மெல்லிய பருத்தித் துணி ஒன்றை நாளுக்கு இரண்டு முறை மாற்றுங்கள். உங்களிடம் துணிக்குப் பஞ்சமில்லை. எல்லோரும் விபத்தா என்று கேட்பார்கள். ஒரே பதிலை வைத்துக்கொண்டு அதையே சொல்லுங்கள். அதிகாலையில் வண்டி ஓட்டினால் கையுறை போடுங்கள், குளிரில் பிரேக் பிடிக்க விரல் வராது. மூன்றாம் ஆண்டு எனக்கு அலுத்துப்போய்க் கழற்றிவிட்டேன். அதன்பின் இடது கையில் சிறிது பரவிற்று. அந்தத் தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம்.

உடுமலைக்காரன் | பிப்ரவரி 28, இரவு 9.45

தம்பி, அன்று நான் சொன்னபடி கழுத்தைத் திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து வருந்துகிறேன். சுளுக்கு எடுக்கும் எங்கள் ஊர்ப் பெரியவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். வலியில்லாமல் கை மெலிந்து வருபவர்களைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்.

சென்னிமலைத் தறி | மே 30, இரவு 9.10

பட்டை போட்டு மூன்று மாதம் ஆகிறது. இன்று காலை அளந்தேன். வலது முன்கை ஜனவரியில் இருந்த அதே 22.4 சென்டிமீட்டர். இடது 25. கோடை என்பதால் விரல்கள் நன்றாக வேலை செய்கின்றன. மார்கழி வந்தால்தான் உண்மை நிலை தெரியும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பாவு பிணைக்க வெளியாள் வைத்துக்கொண்டோம். நான் நிமிர்ந்து நின்றபடி செய்யக்கூடிய தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) சுற்றும் இயந்திரத்தையும் கணக்கையும் பார்த்துக்கொள்கிறேன். அறுந்த இழையை எடுக்கக் குனிவதற்குப் பதிலாக ஒரு முக்காலியில் உட்கார்ந்து, முகத்துக்கு நேராகத் தறியைப் பார்க்கப் பழகிவிட்டேன். அந்த முக்காலியின் காலை அப்பா இரண்டு முறை அறுத்து என் உயரத்துக்குச் சரிசெய்தார்.

திருப்பூர் அக்கா, உங்கள் ஊசிச் சோதனை இந்த மாதம் என்று தனிச்செய்தியில் சொல்லியிருந்தீர்கள். முடிந்துவிட்டதா? முடிவு எதுவாக இருந்தாலும் இங்கே எழுதுங்கள்.